போர் போடும் முன் பூமியிடம் ஒரு கேள்வி

ஊருக்குள் போர் வண்டி வந்துவிட்டால், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் கூட்டம் அங்கேதான் நிற்கும். இரண்டு பெரிய லாரிகள் வந்திருக்கும். ஒன்றில் துளை போடும் எந்திரம். இன்னொன்றில் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசர். 20 அடி நீள இரும்பு ராடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரைக்குள் இறங்கும். ராடின் நுனியில் இருக்கும் சுத்தியல், அழுத்தப்பட்ட காற்றின் வேகத்தில் பாறையை நொறுக்கிக்கொண்டே போகும். நொறுங்கிய தூளை மேலே ஊதித் தள்ளுவதும் அதே காற்றுதான். வெள்ளையும் சாம்பலுமாகப் புழுதி பறக்கும்.

நிலத்துக்காரர் கண் அந்தப் புழுதியை விட்டு அகலாது. புழுதி ஈரமாகி, சேறாகி, பிறகு தண்ணீராகப் பீய்ச்சி அடித்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். 300 அடி, 500 அடி, 800 அடி என்று போன பிறகும் தூள் காய்ந்தே வந்தால் அங்கே யாரும் பேச மாட்டார்கள். போர் போடும் கூலி அடிக்கணக்கில் ஏறும். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் கொடுத்தாக வேண்டும். பல வீடுகளில் அது நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம்.

அந்த லாரி ஏன் சரியாக அந்த இடத்தில் நின்றது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? ஐம்பதடி தள்ளி ஏன் நிற்கவில்லை? வேலியோரமாக ஏன் நிற்கவில்லை? போர் போடுவதில் மிகப் பெரிய முடிவு அதுதான். லாரி வருவதற்கு முன்பே அது எடுக்கப்பட்டுவிடுகிறது. எதை வைத்து எடுத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

தண்ணீர் பூமிக்குள் எங்கே ஒளிந்திருக்கிறது?

நிலத்துக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கதைகளிலும் அப்படித்தான் வருகிறது. சுண்ணாம்புப் பாறை உள்ள சில இடங்களைத் தவிர, உண்மை அப்படி இல்லை. மணல் நிலத்தில், மணல் துகள்களுக்கு நடுவே இருக்கும் இண்டு இடுக்குகளில் தண்ணீர் தங்கியிருக்கிறது. பாறை நிலத்தில், பாறையின் வெடிப்புகளில் தங்கியிருக்கிறது. மிக மெதுவாக அது நகரவும் செய்கிறது.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு பாறை நிலம். கோவை, ஈரோடு, சேலம், தருமபுரி, நாமக்கல், மதுரை எல்லாம் இப்படித்தான். கிரானைட், நைஸ், பல்லாவரம் மலையில் பார்க்கும் சார்னோக்கைட் என்று அடியில் கிடப்பவை அனைத்தும் கெட்டிப் பாறைகள். இவற்றில் பல 250 கோடி ஆண்டுகள் அளவுக்குப் பழையவை. சேதமில்லாத கிரானைட்டில் வெற்றிடம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதற்குள் தண்ணீர் புக வழியே இல்லை.

அப்படியானால் அந்த ஊர்களில் கிணறு எப்படி இருக்கிறது? மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையின் மேல்பகுதியை உளுத்துப் போகச் செய்திருக்கின்றன. கையால் பிட்டால் உதிரும் அளவுக்கு அது மக்கிப்போய் இருக்கும். சில இடங்களில் இந்த மக்கிய பாறை ஓரிரண்டு மீட்டர்தான். சில இடங்களில் 20, 30 மீட்டர்கூட இருக்கும். நம் தாத்தா காலத்துத் திறந்த கிணறுகள் பெரும்பாலும் இந்த அடுக்கில் வெட்டப்பட்டவைதான். அதற்குக் கீழே கெட்டிப்பாறை. அந்தக் கெட்டிப்பாறையிலும், பழைய சுண்ணாம்புச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விரிசல்களைப் போல, வெடிப்புகள் ஓடுகின்றன. ஆழ்துளைக் கிணறு தேடிப்போவது அந்த வெடிப்பைத்தான். போர் வண்டிக்காரர்கள் அதை ‘கேப்’ என்பார்கள். ஆறரை அங்குலத் துளை ஒரு வெடிப்பைச் சந்தித்தால் தண்ணீர். பத்தடி தள்ளி இறங்கி அதைத் தவறவிட்டால் வெறும் புழுதி. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கொட்ட, நம் தோட்டத்தில் ஒரு சொட்டும் வராமல் போவதற்குக் காரணம் இதுதான். அதிர்ஷ்டமும் கிரகமும் இதில் இல்லை.

தேங்காய் ஏன் எழுந்து நிற்கிறது?

இடம் பார்க்க நம் ஊர்களில் பலர் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து வருகிறார்கள். அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து வயலில் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அல்லது கவட்டை வடிவில் வெட்டிய வேப்பங்குச்சி கீழ்நோக்கித் திரும்பும். பார்ப்பவர்களுக்கு மெய்சிலிர்க்கும். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்கள் அதை மனதார நம்பியே செய்கிறார்கள். ஆனால் தேங்காயை அசைப்பது தண்ணீர் இல்லை, அவருடைய கைத்தசைதான். அவருக்கே தெரியாமல் அது நடக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாண் நீள நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேலே அதைப் பிடித்துக்கொண்டு, ‘இது வட்டமாகச் சுற்றப்போகிறது’ என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டே இருங்கள். கையை அசைக்கவே கூடாது. கொஞ்ச நேரத்தில் பலருக்கு அது சுற்றத் தொடங்கிவிடும். இப்போது கண்ணைக் கட்டிக்கொண்டு, நண்பரைப் பார்க்கச் சொல்லிச் செய்து பாருங்கள். ஆட்டம் அடங்கிவிடும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இதை ஆராய்ந்து 1833-இல் எழுதினார். மனம் எதிர்பார்ப்பதைக் கை மிக நுண்ணிய அசைவாகச் செய்துவிடுகிறது என்பது அவர் கண்டது.

1990-இல் ஜெர்மனியின் காஸல் நகரில் நீரோட்டம் பார்ப்பவர்கள் 30 பேரை அழைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். தரைக்கு அரை மீட்டர் அடியில் ஒரு குழாய் புதைக்கப்பட்டிருந்தது. அதில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும். குருட்டாம்போக்கில் சொன்னால் எத்தனை சரியாக வருமோ, அவ்வளவுதான் அவர்களுக்கும் சரியாக வந்தது.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய காலத்துக் குடியானவர்களிடம் உண்மையான அறிவும் இருந்தது. 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், ‘பிருகத் சம்ஹிதை’ என்ற நூலில் நீர் தேடுவதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். எந்த மரத்துக்குப் பக்கத்தில், எந்தப் புற்றுக்கு எந்தத் திசையில் தோண்டலாம் என்று அதில் வருகிறது. கோடையிலும் பச்சை மாறாத மரங்கள் வரிசையாக நின்றால் அந்தக் கோட்டில் ஒரு வெடிப்பு ஓடக்கூடும் என்பதை இன்றைய ஆய்வாளரும் கவனிக்கிறார். மரத்தைப் பார்ப்பது கவனிப்பு. அதைத் தேங்காயோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குளியல் தொட்டியில் பிறந்த யோசனை

இனி அறிவியல் எப்படிக் கேட்கிறது என்று பார்ப்போம். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. ஆனால் நிலத்தடி நீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. உப்பு கரைந்தால் அயனிகள் கிடைக்கும்; அவை மின்சாரத்தைச் சுமந்து செல்லும். எனவே காய்ந்த கெட்டிப்பாறையில் மின்சாரம் திணறும். நீர் நிறைந்த மக்கிய பாறையில் எளிதாக ஓடும். அப்படியானால் தரைக்குள் மின்சாரத்தை அனுப்பி, அது எவ்வளவு திணறுகிறது என்று அளந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கலாம் அல்லவா?

இந்த யோசனையைச் செய்துகாட்டியவர் கான்ராட் ஸ்லம்பெர்ஜர். பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர். ஒரு குளியல் தொட்டியில் மணலை நிரப்பி, அதற்குள் மின்சாரம் எப்படிப் பரவுகிறது என்று அளந்து பார்த்தார். 1912-இல் நார்மண்டியில் தம் குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்திலேயே முதல் கள அளவை நடந்தது. அவர் முதலில் தேடியது தண்ணீரை அல்ல, உலோகத் தாதுக்களை. பிறகு தம்பி மார்செலும் சேர்ந்துகொண்டார். 1927-இல் அல்சாஸ் பகுதியில் ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள்ளேயே அளவைக் கருவியை இறக்கிப் படித்தார்கள். இதே காலத்தில், 1915-ஐ ஒட்டி, அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் என்ற இயற்பியலாளர் நான்கு முளைகளை வைத்து மண்ணின் மின்தடை எண்ணை அளக்கும் எளிய முறையை எழுதினார். இன்று தமிழ்நாட்டுக் காடுமேடுகளில் நடக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் ஸ்லம்பெர்ஜரும் வென்னரும் காட்டிய வழியில்தான்.

வயலில் நடப்பது என்ன?

‘மெஷின் வைத்துப் பார்க்கிறது’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். ஆய்வாளர் கொண்டுவருவது ஒரு சிறு பெட்டி, நான்கு இரும்பு முளைகள், சுருள் சுருளாக ஒயர், ஒரு சுத்தியல், அளவு நாடா. முதலில் ஒரு மையப்புள்ளியைக் குறித்துக்கொள்வார். நான்கு முளைகளும் ஒரே நேர்கோட்டில் அடிக்கப்படும். வெளிப்பக்கம் உள்ள இரண்டு முளைகள் வழியே மின்சாரம் தரைக்குள் போகும். உள்பக்கம் உள்ள இரண்டு முளைகளுக்கு இடையே எவ்வளவு மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது என்று பெட்டி காட்டும்.

மண் காய்ந்து கிடந்தால் முளையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போதுதான் மண்ணும் இரும்பும் நன்றாக ஒட்டும். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தைத் திசை மாற்றியும் அனுப்பிப் பார்ப்பார்கள். பூமிக்குள் இயல்பாகவே சிறு மின்னழுத்தம் இருக்கிறது. திசை மாற்றி அளந்து சராசரி எடுத்தால் அது கழிந்துவிடும். கருவியிலிருந்து சில நூறு வோல்ட் வரைகூடப் போகலாம். எனவே ஆய்வு நடக்கும்போது முளையையோ ஒயரையோ தொடக் கூடாது. தள்ளி நின்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோமா? வென்னர் முறையில் நான்கு முளைகளும் சம இடைவெளியில் இருக்கும். இடைவெளி 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய மின்னோட்டம் 100 மில்லி ஆம்பியர். கிடைத்த மின்னழுத்தம் 50 மில்லி வோல்ட். 50-ஐ 100-ஆல் வகுத்தால் மின்தடை 0.5 ஓம். இதை 2 × 3.14 × 10 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். விடை 31.4 ஓம் மீட்டர். இதுதான் மின்தடை எண். அவ்வளவுதான். பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி காட்டுக்கு வந்து வேலை செய்கிறது.

இந்த எண் என்ன சொல்கிறது? கடல்நீர் சுமார் 0.2 ஓம் மீட்டர். களிமண் சில ஓம் மீட்டரிலிருந்து சில பத்துகள் வரை. நீர் நிறைந்த மக்கிய பாறை பெரும்பாலும் சில பத்துகளிலிருந்து நூறு, நூற்றைம்பது வரை. வெடிப்பில்லாத கிரானைட் ஆயிரக்கணக்கில் போகும்.

ஆழமாகப் பார்ப்பது எப்படி? வெளிமுளைகளை விலக்கிக்கொண்டே போக வேண்டும். முளைகள் நெருக்கமாக இருந்தால் மின்சாரம் மேல்மண்ணிலேயே சுருக்கமாகப் போய்ச் சேர்ந்துவிடும். தூரமாக வைத்தால் அதில் ஒரு பெரும் பங்கு ஆழமான அடுக்குகள் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும். ஸ்லம்பெர்ஜர் முறையில் உள்முளைகள் நடுவிலேயே இருக்க, வெளிமுளைகளை மட்டும் இரண்டு பக்கமும் நகர்த்துவார்கள். மையத்திலிருந்து 100 மீட்டர் வரை போக வேண்டுமானால் மொத்தம் 200 மீட்டர் நேர்கோடு தேவை. நம் ஊர்த் துண்டு நிலங்களில் அவ்வளவு நீளம் எங்கே கிடைக்கும்? பக்கத்துக்காட்டுக்காரரிடம் கேட்டு, வரப்பைத் தாண்டி, சோளக்கொல்லைக்குள் ஒயர் இழுப்பார்கள். ஒருவர் தூரத்தைக் கத்திச் சொல்ல, இன்னொருவர் முளை அடிக்க, ஆய்வாளர் குடைக்கடியில் உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டே வருவார்.

வரைபடத்தைப் படிப்போம்

உதாரணத்துக்கு இப்படி ஓர் அளவை. மையத்திலிருந்து வெளிமுளையின் தூரம் 2 மீட்டராக இருக்கும்போது 90 ஓம் மீட்டர். 5 மீட்டரில் 60. 10 மீட்டரில் 45. 20-இல் 55. 40-இல் 95. 60-இல் 140. 80-இல் 150. 100-இல் 185.

இதை ஒரு கதையாகப் படிக்கலாம். மேலே காய்ந்த மண், அதனால் 90. பிறகு எண் இறங்குகிறது. ஈரமான மக்கிய பாறைக்குள் மின்சாரம் நுழைகிறது. 10-க்குப் பிறகு ஏறத் தொடங்குகிறது. கெட்டிப்பாறையின் பங்கு கூடுகிறது. 60-க்கும் 80-க்கும் நடுவே பாருங்கள். ஏறிக்கொண்டே வந்த எண் தயங்கி, பிறகு மறுபடி ஏறுகிறது. கெட்டிப்பாறைக்குள் ஒரு வெடிப்பு இருந்து அதில் தண்ணீர் இருந்தால் இப்படித் தயங்கக்கூடும். கவனியுங்கள், ‘கூடும்’ என்றுதான் சொல்கிறேன். மேலே போகும் மின்கம்பி, கம்பி வேலி, புதைத்த இரும்புக் குழாய், சரியாக அடிக்காத ஒரு முளை — இவற்றில் எதுவும் அந்தத் தயக்கத்தை உண்டாக்கிவிடும். எனவே நல்ல ஆய்வாளர் அதே மையத்தில் வேறு திசையில் இன்னொரு முறை அளப்பார். நிலத்தில் இன்னும் சில இடங்களில் அளப்பார். எங்கே மக்கிய பாறை தடிமனாக இருக்கிறது, எங்கே கெட்டிப்பாறை மேலேயே வந்துவிட்டது என்று ஒப்பிடுவார்.

வெளிமுளை 80 மீட்டர் தூரத்தில் இருந்ததால் வெடிப்பும் சரியாக 80 மீட்டர் ஆழத்தில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. கிடைக்கும் எண், மேலிருந்து கீழ்வரை எல்லா அடுக்குகளும் கலந்த ஒரு தோற்ற எண். அதைப் பிரித்து அடுக்கடுக்காகக் காட்டக் கணினி நிரல்கள் இருக்கின்றன. அப்படியும் ஒரே வரைகோட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்தும். ஆழம் கூடக் கூட, மெல்லிய வெடிப்பின் குரல் மங்கிக்கொண்டே போகும். 900 அடியில் இருக்கும் விரல் அகல வெடிப்பைத் தரையிலிருந்து இந்த முறையில் காண முடியாது. ‘312-ஆவது அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர் வரும்’ என்று அடி பிசகாமல் யாராவது சொன்னால், அவர் கையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

கருவி செய்யும் மிகப் பெரிய உதவி வேறு ஒன்று. ‘இங்கே வேண்டாம்’ என்று அது சொல்லும். மூன்று மீட்டரிலேயே எண் ஆயிரத்தைத் தாண்டி, நேராக ஏறிக்கொண்டே போனால், அடியில் கிடப்பது முழுக் கற்பாறை. அந்த இடத்தில் லாரியை நிறுத்தவே வேண்டாம். தேங்காய் ஏதாவது ஓரிடத்தில் எழுந்து நின்றே தீரும். மின்னளவை ‘இந்த ஒரு ஏக்கரில் நல்ல இடமே இல்லை’ என்றும் சொல்லும். அந்த ‘இல்லை’யைக் காது கொடுத்துக் கேட்ட குடும்பத்துக்குக் கடன் மிச்சம்.

ஒரே எண், இரண்டு அர்த்தம்

பாறை நிலத்தில் எண் குறைந்தால் மகிழ்கிறோம். கடற்கரைக்குப் போனால் கதை தலைகீழ். நாகப்பட்டினத்திலோ இராமநாதபுரத்திலோ எண் மிகவும் குறைந்தால் ஆய்வாளர் முகம் சுருங்கும். அங்கே அடியில் இருப்பது உப்புநீராக இருக்கலாம், அல்லது தண்ணீரை விடாத களிமண்ணாக இருக்கலாம். நல்ல தண்ணீர் உள்ள மணல் அடுக்கு அங்கே கொஞ்சம் உயர்ந்த எண்ணைத்தான் காட்டும்.

இலங்கையின் யாழ்ப்பாணத்தில் இது இன்னும் முக்கியம். அந்தத் தீபகற்பத்தில் ஓடும் பெரிய ஆறு எதுவும் இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புநீர் எடை கூடுதல். அதனால் இந்த மிதப்பு. புத்தூர்ப் பக்கம் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதை அங்குள்ளவர்கள் அறிவார்கள். இப்படிப்பட்ட இடத்தில் எங்கே போர் போடலாம் என்பதைவிட, எவ்வளவு ஆழத்தோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் கேள்வி. ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் இறக்கினால், மளமளவென்று இறைத்தால், உப்பு மேலேறிவிடும். மின்தடை எண் ஓரிடத்தில் சட்டென்று சரிவதைப் பார்த்து அந்த எல்லையைக் கண்டுகொள்ளலாம்.

எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, நிலத்தையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். நல்ல ஆய்வாளர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே பக்கத்துக் கிணறுகளை எட்டிப் பார்ப்பார். அங்கே எத்தனை அடியில் பாறை வந்தது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று விசாரிப்பார். செயற்கைக்கோள் படத்தில் நீண்ட நேர்கோடுகள் தெரிகின்றனவா என்று தேடுவார். ஓடை சட்டென்று நேராகத் திரும்பும் இடம், மரங்கள் வரிசை கட்டும் இடம் இவற்றைக் குறித்துக்கொள்வார். கறுப்பான டோலரைட் பாறை ஒரு சுவராகக் குறுக்கே ஓடினால், நிலத்தடி நீர் மேட்டுப்பக்கம் தேங்கி நிற்க வாய்ப்புண்டு என்பதும் அவர் கணக்கில் வரும்.

வானத்திலிருந்தும் கேட்கலாம்

முளையே அடிக்காமல் கேட்கும் வழியும் உண்டு. ஒரு பெரிய கம்பி வளையத்தில் மின்சாரத்தை ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், காந்தப்புலம் மாறி, பூமிக்குள் சிறு மின்சுழல்கள் உண்டாகும். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இது. மின்சாரம் நன்கு ஓடும் அடுக்கில் அந்தச் சுழல் மெதுவாக அடங்கும். கெட்டிப்பாறையில் சீக்கிரமே அடங்கிவிடும். அடங்கும் வேகத்தை அளந்து அடியில் இருப்பதை அறிகிறார்கள்.

இந்த வளையத்தை ஹெலிகாப்டருக்குக் கீழே தொங்கவிட்டுப் பறக்கவும் செய்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் சேர்ந்து இந்தியாவில் ஆறு இடங்களில் இதைச் செய்தன. ராஜஸ்தானில் ஜெய்சால்மரும் தௌசாவும், பீகாரில் பாட்னா, மகாராஷ்டிராவில் நாகபுரி, கர்நாடகத்தில் தும்கூர், தமிழ்நாட்டில் கடலூர். பாலைவனம், ஆற்றுச் சமவெளி, கெட்டிப்பாறை, கடற்கரை என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை நிலம். ஒரு மாவட்டத்துக்கே வரைபடம் போட இது ஏற்றது. ஒரு தோட்டத்தில் ஒரு போருக்கு நான்கு முளையே போதும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரு பிளாஸ்டிக் தட்டில் நன்றாகக் காய்ந்த மணலை நிரப்புங்கள். இரண்டு இரும்பு ஆணிகளை ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு வையுங்கள். ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு, அதோடு வரிசையில் ஒரு 470 ஓம் மின்தடை. ஆணிகள் இரண்டும் இந்தச் சுற்றின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும். காய்ந்த மணலில் விளக்கு எரியாது. குழாய்த் தண்ணீரை ஊற்றி மணலை நனையுங்கள்; மங்கலாக எரியும். இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரைத்து ஊற்றுங்கள், பளிச்சென்று எரியும். பளிச்சென்று எரிந்த மணலில் உள்ள தண்ணீரைக் குடிக்க முடியுமா? முடியாது. நாகப்பட்டினத்து ஆய்வாளரின் கவலை இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். வீட்டு பிளக்கில் இருந்து மின்சாரம் எடுத்து எந்தச் சோதனையும் செய்யக் கூடாது.

உங்கள் வீட்டில் போர் போடும் பேச்சு வந்தால், முதலில் ஆய்வு செய்யச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை விவசாயிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இந்த அளவையைச் செய்துகொடுக்கிறது. ஊர்க் குடிநீருக்கு இடம் பார்ப்பதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தில் நிலத்தடி நீர் வல்லுநர்கள் இருக்கிறார்கள். ஆய்வு முடிந்ததும் அப்பாவோடு நின்று அந்த எண்களையும் வரைபடத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எப்படி முடிவுக்கு வந்தீர்கள் என்று ஆய்வாளரிடம் கேளுங்கள். நல்லவர் உட்கார வைத்துச் சொல்லித் தருவார். துளை போட்ட பிறகு எத்தனை அடியில் என்ன பாறை, எத்தனை அடியில் ஈரம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை பக்கத்துக்காட்டில் இடம் பார்க்க வருபவருக்கு அந்த நோட்டு ஒரு புதையல்.

கண்ணை மூடிக்கொண்டு போட்ட ஒவ்வொரு பொய்த்த போரும் கடனோடு இன்னொன்றையும் விட்டுச் செல்கிறது: ஒரு குழி. ஆறரை அங்குல அகலம், நூற்றுக்கணக்கான அடி ஆழம். அதில் தவறி விழுந்து குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சாக்கைப் போட்டு மூடுவதும் கல்லை எடுத்து வாயில் வைப்பதும் போதாது. உங்கள் தெருவிலோ காட்டிலோ திறந்து கிடக்கும் போர் ஒன்றைப் பார்த்தால் அதன் அருகில் போகாதீர்கள், எட்டியும் பார்க்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள், ஊராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மூடும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.